ஒளிநாடாவில் உறங்கும் திருவிழாக்கள்

மாசி மகத்தன்று லூமுட் படகுத்துறையில் நிற்போர், பங்கோர் தீவை நோக்கிச் செல்லும் படகுகள் பக்தர் கூட்டத்தால் நிரம்பியிருப்பதைக் காண்பர். தீவில் எழுந்தருளியிருக்கும் பத்திரகாளியம்மனைத் தரிசிக்கப் பேராக் மாநிலத்தின் தோட்டப்புறங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக மக்கள் இத்துறையைக் கடந்து சென்றுள்ளனர். இன்று அவர்களுள் கைப்பேசி ஏந்தாதவர் அரியர். ஒரு காவடி அசைந்தால் நூறு கைகள் உயர்கின்றன. அடுத்த நிமிடமே அக்காட்சி கடல் கடந்து வாழும் உறவினரை அடைந்துவிடுகின்றது. 1980களில் நிலைமை வேறாக இருந்தது. தோளிலே கனத்த ஒளிப்பதிவுக் கருவியைச் சுமந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் கருவியில் பதித்துப் பின்னோக்கி நடந்துவரும் ஒருவரே அன்றைய விழாவின் கண்ணாக விளங்கினார். வீடியோக்காரர் வருகிறார் என்றால் உறுமி மேளக்காரரும் சற்றே ஒதுங்கி வழிவிடுவர்.

அவ்வாறு பதிவானவற்றுள் பல இன்றும் பழைய பீரோக்களின் அடித்தட்டிலும், கட்டிலுக்கடியில் உள்ள அட்டைப் பெட்டிகளிலும், ஆலய அலுவலக அலமாரிகளிலும் கறுப்பு நிற வீடியோ கேசட்டுகளாக உறங்கிக் கொண்டிருக்கின்றன. உறக்கம் என்று கூறுவது மங்கல வழக்கே. உண்மையில் அவை ஆண்டுதோறும் சிறுகச் சிறுக அழிந்து வருகின்றன. அவற்றைக் கணினியின் துணைகொண்டு டி.வி.டி. வட்டுகளுக்கு மாற்றும் பணி, இல்லத்தரசர்களின் பொழுதுபோக்கு என்று பலராலும் கருதப்படுகின்றது. அது மலேசியத் தமிழர் வரலாற்றுப் பணிகளுள் ஒன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டில் இடம் பெறாதவர்கள்

லூமுட் அமைந்துள்ள டிண்டிங்ஸ் பகுதியின் ஆட்சி வரலாறு தெளிவாகவே எழுதப்பட்டுள்ளது. 1874ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானதும், இப்பகுதி நீரிணைக் குடியேற்றங்களின் ஓர் அங்கமாக ஆங்கிலேயரால் ஆளப்பட்டதும், 1935இல் மீண்டும் பேராக்குடன் இணைந்ததும் மாணவரும் அறிந்த செய்திகள். உடன்படிக்கைகளும் கடிதங்களும் நில வரைபடங்களும் காப்பகங்களில் பேணப்படுகின்றன. நாட்டின் தேசிய ஆவணக் காப்பகமே 1957ஆம் ஆண்டு, சுதந்திரம் பெற்ற சில மாதங்களுக்குள் தொடங்கப்பட்டது.

ஆனால் அதே மண்ணில் விடியற்காலைப் பிரட்டுக்கு எழுந்து, பால் மரம் சீவி, மாலையில் அம்மன் சந்நிதியில் கூடிய மக்கள் ஏடுகளில் எவ்வாறு காணப்படுகின்றனர்? பெரும்பாலும் எண்ணிக்கையாகவே காணப்படுகின்றனர். இத்தனை தொழிலாளர், இத்தனை ஏக்கர், இத்தனை இராத்தல் ரப்பர் என்பதே பதிவு. அவர்கள் எவ்வாறு பாடினர், கரகத்தை எவ்வாறு ஏந்தினர், பூசாரி எவ்வாறு பேசினார் என்பன எந்தக் கோப்பிலும் இல்லை. அக்குறையைத் தற்செயலாக நிறைவு செய்தவை வீடியோ நாடாக்களே. புகைப்படம் முகத்தை மட்டுமே காட்டும். நாடாவோ நடையையும் குரலையும் மேளத்தின் கதியையும் ஒருங்கே காட்டும்.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. படம் பிடித்தவரின் நோக்கம் சாமி ஊர்வலமாகவே இருந்திருக்கும். ஆயினும் அவர் கருதாத பலவும் கருவிக்குள் புகுந்துவிட்டன. அலங்கரிக்கப்பட்ட லாரியில் அம்மன் வலம் வரும்பொழுது, பின்னணியில் லயன் வீடுகளின் வரிசை தெரிகின்றது. வாசலில் கோலமும், குழாயடியில் வரிசையாக வைத்த வாளிகளும் தெரிகின்றன. தொலைவில் ரப்பர் புகைக்கூடமும், அதற்கப்பால் ஒரே அளவாக நிற்கும் மரங்களும் தெரிகின்றன. ரப்பர் காடுகள் செம்பனையாகவும், செம்பனைகள் சில குடியிருப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட பின்னர், லயன்கள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் சித்தியவானுக்கும் ஸ்ரீ மஞ்சோங்கிற்கும் ஈப்போவுக்கும் பிரிந்து சென்ற பின்னர், அந்தப் பின்னணியே முதன்மையான வரலாறாகிவிட்டது. தோட்டம் கைமாறியபொழுது இடம் பெயர்ந்த ஆலயங்கள் பல. பழைய இடத்தில் அவை எத்திசை நோக்கி இருந்தன, பலிபீடம் எங்கே இருந்தது என்னும் ஐயம் எழுந்தால், மூன்று மணி நேர நாடா ஒன்றில் விடை கிடைக்கக் கூடும்.

சுவடி தந்த பாடம்

பழையதைப் புதியதொன்றில் பெயர்த்து வைத்தல் தமிழருக்குப் புதிய தொழிலன்று. பனையோலையின் ஆயுள் குறுகியது. கறையானும் பூச்சியும் ஈரமும் அதற்குப் பகை. ஆகவே பழுதடைந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொள்வது மரபாயிற்று. இன்று கைகளில் உள்ள சங்க இலக்கியங்கள், அவை இயற்றப்பட்ட காலத்து ஓலையில் கிடைத்தவை அல்ல. பெயர் தெரியாத எத்தனையோ பேர் படியெடுத்துப் படியெடுத்துக் கொண்டுவந்து சேர்த்தவை. ஒரு தலைமுறை எழுதாமல் விட்டிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும்.

அறுந்த இடங்களும் உண்டு. சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர் என்பது யாவரும் அறிந்ததே. அவர் கரிவலம்வந்தநல்லூர் ஆலயத்திற்குச் சென்றபொழுது, அங்கிருந்த பழைய ஏடுகள் சிதைந்துவிட்டமையால் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்னும் மறுமொழியே கிடைத்தது. அதனைச் செய்தவர்கள் பகைவர் அல்லர். பழையதைக் குப்பையில் எறியலாகாது என்னும் பக்தியினாலேயே அவ்வாறு செய்தனர். ஆயினும் விளைவு ஒன்றுதான். ஆலய அலுவலகத்தைத் தூய்மை செய்யும் நாளில், இனி இவற்றை ஓட்டுவதற்குக் கருவியே இல்லையே என்று கூறிப் பழைய கேசட்டுகளை மூட்டையாகக் கட்டும் நிர்வாகத்தினர் இந்நிகழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

திரைப்படத் துறையிலும் இவ்விழப்பு நேர்ந்துள்ளது. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் பிரதி ஒன்றுகூட எஞ்சவில்லை. அதற்கு முன்னர் நடராச முதலியார் எடுத்த ஊமைப்படமாகிய கீசக வதமும் கிடைத்திலது. பணமும் புகழும் ஈட்டித் தந்த படங்களுக்கே இக்கதி என்றால், தோட்டத்துத் தீமிதியைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 1969இல் மனிதன் சந்திரனில் கால் வைத்த காட்சியை நேரடியாகப் பதிந்த மூலக் காந்த நாடாக்களைத் தேடிய அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, அவை பின்னாளில் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கக் கூடும் என்று 2009இல் அறிவித்தது. தொலைக்காட்சி நிலையங்களிடமிருந்த பிரதிகளைக் கொண்டே அக்காட்சி செப்பம் செய்யப்பட்டது. நாடா விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், பழையதை அழித்து மேலே பதிவது சிக்கனமாகவே கருதப்பட்டது.

நாடா வந்த வழி

ஒலியைக் காந்த நாடாவில் பதியும் முறை 1928இல் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஃப்ளூமர் என்பாரால் கண்டறியப்பட்டது. ஒளிப்படத்தைப் பதிவது அதனினும் கடினம். காரணம், படத்திற்குரிய மின்குறிகள் மிக விரைவானவை. நாடாவை விரைந்து ஓட்டினால் மைல் கணக்கில் நாடா தேவைப்படும். நாடாவை மெதுவாக ஓடவிட்டுப் பதிவுத் தலையை விரைவாகச் சுழற்றுவதே இச்சிக்கலுக்குக் கிடைத்த தீர்வாகும். அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் இம்முறையில் அமைந்த கருவியை வெளியிட்டது. அதன் நாடா இரண்டு அங்குல அகலமுடையது. கருவியோ ஓர் அறையின் மூலையை அடைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் நாடா நுழைந்தது ஜப்பானியரால். 1975இல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் முறையையும், 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையையும் அறிமுகப்படுத்தின. இரண்டிலும் நாடா அரை அங்குல அகலமே. பீட்டாவின் படம் சற்றே தெளிவானது என்பர். ஆனால் தொடக்கத்தில் ஒரு கேசட்டில் ஒரு மணி நேரமே அடங்கியது. வி.எச்.எஸ். இரண்டு மணி நேரம் பிடித்தது. தமிழ்த் திரைப்படம் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவதில்லையாதலால், இப்போட்டியில் தமிழ் இல்லங்கள் எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. பின்னர் வந்த மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட், முழுப் படத்தையும் இடையே மாற்றாமல் காட்டியது.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கி, 1978இல் வண்ணம் பெற்றது. 1984இல் டிவி3 வரும்வரை அரசாங்க அலைவரிசைகள் மட்டுமே இருந்தன. அவற்றில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது. ஆஸ்ட்ரோவின் வானவில் தோன்றியது 1996இல்தான். இடைப்பட்ட காலத்தில் தமிழ்ப் படப் பசியை ஆற்றியவை வீடியோ வாடகைக் கடைகளே. ஈப்போவிலிருந்து சிற்றூர்கள் வரை இக்கடைகள் பெருகின. தோட்டத்தில் ஒரு வீட்டில் வீடியோ கருவி வாங்கப்பட்டால் அது லயன் முழுவதற்கும் வாங்கப்பட்டது போலாகும். வாசலில் பாய் விரித்துக் கூட்டமாகப் படம் பார்த்த இரவுகளை அக்காலத்துச் சிறுவர் மறந்திரார்.

படம் காட்டும் கருவி வீட்டில் இருந்தமையாலேயே படம் பிடிக்கும் ஆசையும் வந்தது. முதலில் கேமரா வேறாகவும் பதிவுக் கருவி வேறாகவும் இருந்தன. இரண்டையும் கம்பி இணைக்கும். 1983க்குப் பின்னர் இரண்டும் ஒன்றாகி ஒரே தோளில் ஏறின. 1985இல் சோனியின் எட்டு மில்லிமீட்டர் நாடா வந்தபின் கருவி உள்ளங்கைக்குள் அடங்கத் தொடங்கிற்று. திருமணத்திற்கு வீடியோ என்பது பந்தலைப் போலவே இன்றியமையாததாயிற்று. அடுத்து ஆலயத் திருவிழாக்களும் கும்பாபிஷேகங்களும் பதிவாயின.

ஆனால் அழிவும் வீட்டிலிருந்தே தொடங்கியது. கேசட்டின் பின்விளிம்பில் சிறிய நெகிழித் தகடு ஒன்றுண்டு. அதனை உடைத்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் பதியாது. உடைத்த பள்ளத்தின் மீது ஒட்டுநாடாவை ஒட்டினால் மீண்டும் பதியும்! இத்தந்திரத்தை அறிந்த இளைஞர் கைகளால் எத்தனை வளைகாப்புகளின் மேல் எத்தனை கால்பந்தாட்டங்கள் ஏறினவோ, கணக்கில்லை. தீமிதி நடந்துகொண்டிருக்கையில் திடீரெனத் திரைப்படச் சண்டைக் காட்சி தோன்றும் நாடாக்களைக் கண்டு சிரித்தவர் பலர். சற்று நேரம் கழித்து, மேலே பதிந்துவிட்ட அப்பகுதியில் இருந்தவர் மறைந்த பாட்டனார் என்றறிந்தபோது சிரிப்பு அடங்கும்.

அழிவின் காரணங்கள்

வீடியோ நாடா என்பது பாலியெஸ்டர் தாளின் மேல், இரும்பு ஆக்சைடு போன்ற காந்தத் துகள்களை ஒரு பசையால் ஒட்டிய பொருள். பாலியெஸ்டர் நெடுநாள் உழைக்கும். துகள்களும் எளிதில் காந்தம் இழப்பதில்லை. பலவீனம் பசையில் உள்ளது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிச் சிதைகின்றது. சிதைந்தால் நாடா பிசுபிசுத்து, ஓட்டும்பொழுது பதிவுத் தலையில் ஒட்டிக்கொண்டு, படத்தைத் தாங்கிய துகள்களையே உரித்துக் கொடுத்துவிடும். மலேசியாவைப் போன்று ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த நாட்டில், அதுவும் லூமுட் போன்ற கடலோரத்தில், மற்றொரு பகை பூஞ்சணம். கேசட்டின் கண்ணாடிப் பலகணி வழியே நோக்கினால் நாடாச் சுருளின் மேல் வெண்ணிறப் பொடி படிந்தாற்போல் தெரியும். அத்தகைய கேசட்டை எக்காரணம் கொண்டும் கருவியில் இடலாகாது. பூஞ்சணம் கருவிக்குள் பரவி, அடுத்து இடப்படும் நல்ல கேசட்டையும் கெடுக்கும், நாடாவும் அறுந்துபோகலாம். அதனைத் தனியே எடுத்துவைத்து, தூய்மை செய்ய அறிந்தவரிடம் கொடுப்பதே முறை.

நாடா பிழைத்திருப்பினும் அதனை ஓட்டுவதற்குக் கருவி வேண்டும். வீடியோ பதிவுக் கருவிகளைக் கடைசி வரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 சூலையில் அத்தொழிலைக் கைவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் சோனி பீட்டாமேக்ஸ் கேசட் விற்பனையை நிறுத்தியது. இன்று இயங்குபவை யாவும் பழைய கருவிகள். இரப்பர் வார்கள் தளர்ந்து, பதிவுத் தலைகள் தேய்ந்து வருகின்றன. பழுது பார்க்கத் தெரிந்தவரும் முதுமையடைந்து வருகின்றனர். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம், 2025ஆம் ஆண்டுக்குள் கணினிக்கு மாற்றப்படாத நாடாக்கள் பெரும்பாலும் இழக்கப்பட்டுவிடும் என்று 2015இலேயே எச்சரித்தது. 2019இல் யுனெஸ்கோவும் அதே ஆண்டெல்லையைச் சுட்டி உலகெங்கும் உள்ள நாடாத் தொகுப்புகளைக் கணக்கெடுக்க முற்பட்டது. அந்த எல்லை கடந்துவிட்டது. அதனால் எல்லா நாடாக்களும் ஒரே நாளில் இறந்துவிடவில்லை. எனினும் தவணை முடிந்த கடனைப் போன்றது அவற்றின் நிலை.

மாற்றும் முறை

வேலை கடினமன்று, பொறுமையே வேண்டும். இயங்கும் வீடியோ கருவி ஒன்று, அதன் பின்புறத்திலிருந்து வரும் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகள், அக்கம்பிகளில் வரும் மின்குறிகளை எண்களாக மாற்றிக் கணினிக்குள் செலுத்தும் சிறு கருவி, போதிய இடமுள்ள கணினி ஆகியன போதும். மஞ்சள் கம்பி படத்தையும், மற்றிரண்டும் ஒலியையும் கொண்டுவரும். எஸ்-வீடியோ என்னும் துளை கருவியில் இருப்பின் மஞ்சளுக்குப் பதில் அதனைப் பயன்படுத்துவது நன்று; ஒளியும் வண்ணமும் தனித்தனியே செல்வதால் படம் தெளிவாகும். பழைய நாடாவில் படம் ஓரங்களில் நெளிவது இயல்பு. அதனை நிலைப்படுத்தும் தனிக் கருவியை இணைத்தால், கணினி இடையிடையே சில படங்களை விட்டுவிட்டு ஒலியும் படமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் தொல்லை நீங்கும்.

மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய தொலைக்காட்சி முறை பால் எனப்படுவது. ஒரு படத்துக்கு 625 கோடுகளும் ஒரு நொடிக்கு 25 படங்களும் அதன் கணக்கு. அமெரிக்காவும் ஜப்பானும் கைக்கொண்டது வேறு முறை. கணினியில் முறை தவறிக் குறிப்பிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டு ஓடுவதாகவோ தோன்றும். நாடாவே கெட்டுவிட்டது என்று எண்ணி அதனை எறிந்துவிடுவோரும் உளர். எறியுமுன் கணினியின் அமைப்பைச் சரிபார்த்தல் வேண்டும்.

முதலில் நாடாவை ஒருமுறை முழுதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டித் தளர்த்திக்கொள்ள வேண்டும். பலவாண்டுகள் ஒரே நிலையில் கிடந்த சுருளில் இறுக்கம் சீராக இராது. பிறகு பதிவைத் தொடங்கலாம். இங்கே குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரமே ஆகும். ஓர் ஆலயத்திடம் நூறு கேசட்டுகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் ஓடுவதாகவும் கொண்டால், மொத்தம் 300 மணி நேரம். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால் 75 நாள்களில் முடியும். இரண்டு தொண்டர்கள் முறை வைத்துச் செய்யக்கூடிய பணியே இது. ஒரு திருவிழாவுக்குப் பந்தல் போடும் உழைப்பைவிட இது அதிகமன்று.

கணினியில் சேர்ந்த பதிவை டி.வி.டி. ஆக்குவது அடுத்த படி. 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி., எம்பெக்-2 என்னும் சுருக்க முறையைப் பயன்படுத்துவது. சாதாரண வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட், நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் அடங்கும். எனவே மேற்கூறிய 300 மணி நேரத்துக்கு 150 வட்டுகள் தேவை. ஒரே வட்டில் நான்கு அல்லது ஆறு மணி நேரத்தைத் திணிக்கும் சிக்கனம் வேண்டா. திணித்தால் அக்கினிக் குழியின் புகையும் காவடியின் மயிலிறகும் சதுரக் கட்டங்களாகச் சிதறும். அசைவு மிகுந்த காட்சிகளே முதலில் கெடும். திருவிழாவிலோ அசையாத காட்சி ஏது?

வட்டின் வாழ்நாள்

டி.வி.டி. ஆக்கியாயிற்று, இனிக் கேசட்டை எறிந்துவிடலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. இப்பிழை இந்நாட்டில் ஏற்கெனவே ஒருமுறை நிகழ்ந்துவிட்டது. 1990களின் பிற்பகுதியில் வி.சி.டி. வட்டுகள் மலேசியச் சந்தையை நிறைத்தன. இரவுச் சந்தைகளில் தமிழ்ப் படம் வி.சி.டி.யாகவே விற்றது. அப்பொழுது பலர் தம் திருமண நாடாக்களை வி.சி.டி.க்கு மாற்றிவிட்டு, மூல நாடாவைத் துறந்தனர். வி.சி.டி.யின் படம் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது, டி.வி.டி.யின் படம் 720க்கு 576. அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான புள்ளிகள்! நாடாவில் இருந்த நுண்மையில் கணிசமான பகுதி அன்றே போயிற்று. மூலமும் இல்லாமையால் அதனை இனி மீட்க வழியில்லை.

வீட்டில் எழுதும் டி.வி.டி. வட்டும் சிரஞ்சீவி அன்று. கடையில் விற்கும் திரைப்பட வட்டு அச்சில் வார்க்கப்பட்டது. வீட்டில் எழுதுவதோ ஒரு சாயப் படலத்தை ஒளிக்கதிரால் சுட்டுப் பதிவது. சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். மலிவான வட்டுகள் சில ஆண்டுகளிலேயே படிக்க முடியாமற் போவதுண்டு. மேலும், இன்று விற்கப்படும் மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றில் வட்டுச் செருகியே இல்லை. வீடியோ கருவிக்கு நேர்ந்தது டி.வி.டி.க்கும் நேர்ந்துகொண்டிருக்கின்றது. அதனால் டி.வி.டி.யை வீண் என்று தள்ளவேண்டுவதில்லை. கைப்பேசியைக் கையாள அறியாத பாட்டிமாருக்குத் தொலைக்காட்சிப் பெட்டியருகே ஒரு வட்டைச் செருகிக் காட்டுவது இன்றும் எளிது. ஆனால் அது பார்ப்பதற்கான பிரதி. காப்பதற்கான பிரதி வேறாக இருத்தல் வேண்டும்.

காப்புப் பிரதியை டி.வி.டி.க்காகச் சுருக்குவதற்கு முன்னரே கணினியில் எடுத்துவைக்க வேண்டும். டி.வி. எனப்படும் முறையில் மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைட் ஆகும். 300 மணி நேரத்துக்கு 3,900 கிகாபைட், அதாவது நான்கு டெராபைட்டுக்குள் அடங்கும். இவ்வளவும் இன்று கையடக்கமான ஒரே நினைவுப் பெட்டியில் கொள்ளும். 150 வட்டுகள் எங்கே, ஒரு பெட்டி எங்கே! ஆனால் ஒரு பெட்டி கீழே விழுந்தால் 300 மணி நேரமும் ஒருங்கே போய்விடும். ஆகையால் குறைந்தது இரண்டு பெட்டிகளில் பதிந்து, ஒன்றை ஆலயத்திலும் மற்றொன்றை வேறோர் ஊரிலும் வைத்தல் நலம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றையும் புதிய பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஓலையைப் பெயர்த்தெழுதிய மரபு இங்கே மீண்டும் வந்து நிற்கின்றது. எழுத்தாணி மாறியுள்ளது, கடமை மாறவில்லை.

இத்தகைய பணி தனிமனிதராலும் தொண்டர்களாலும் இயலும் என்பதற்குத் தமிழுலகில் சான்றுகள் உள்ளன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தம் சொந்த முயற்சியால் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. நுண்படமெடுக்கும் பணியும் அங்கே நடைபெற்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை மறவாத ஈழத்தமிழர், 2005இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தன்னார்வத்தால் தொடங்கினர். தோட்டத்து நாடாக்களுக்கு அத்தகைய இல்லம் ஒன்று அமையும்வரை, ஆலயங்களே அவற்றுக்குப் புகலிடம்.

இறுதியாக ஒரு செய்தி. ஏடு எழுதியோர் முடிவில் ஆண்டு, திங்கள், எழுதியவர் பெயர், எவருக்காக எழுதப்பட்டது என்பவற்றைக் குறிப்பது வழக்கம். வீடியோ கேசட்டின் முதுகிலோ "திருவிழா" என்ற ஒரு சொல்லே இருக்கும். பல கேசட்டுகளில் அதுவும் அழிந்திருக்கும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பது படத்தைப் பார்த்தால்தான் தெரியும். சில கருவிகள் திரையின் ஓரத்தில் தேதியைப் பதிந்தன. ஆனால் அதனைச் சரியாகத் திருத்தி வைத்தவர் சிலரே. தேதியை நம்புவதினும், தோரண வாயிலில் எழுதிய ஆண்டையும், மேடையில் மாலை மரியாதை பெற்ற தோட்ட நிர்வாகி யார் என்பதையும், ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் உபயக்காரர் பெயர்களையும் ஒப்பிட்டு நோக்குவதே நம்பத்தக்கது. மாற்றிய படத்தை முதியவர் இருவர் மூவருடன் அமர்ந்து பார்த்து, கரகம் எடுப்பவர் யார், உறுமி வாசிப்பவர் யார், குடை பிடித்து வருபவர் எந்த லயன் என்று அவர்கள் கூறக் கூற ஒரு குறிப்பேட்டில் நிமிடக் கணக்குடன் எழுதிவைத்தல் வேண்டும். கணினியால் இதனைச் செய்தல் இயலாது. 1980களில் நாற்பது வயதினராய்த் தீக்குழியில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். திரையில் தம்மையே கண்டு, அருகில் நிற்பவரின் பெயரை உடனே சொல்லக்கூடியவர்கள் அவர்களுள் இன்னும் சிலர் இருக்கின்றனர்.